தொப்பி கட்டாயம்

"ஏங்க, ரெண்டாவது பூங்காவுக்கே போலாம். அங்கதான் சறுக்கு ஏழு மாடி உசரம்" என்றாள் யாங்மி.

சியோலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூரை போட்ட இரண்டு நீர்ப்பூங்காக்களில் எதற்குப் போவது என்று காலையிலிருந்தே சண்டை.

"அங்க தொப்பி இல்லாமலே தண்ணில விடுவான். ஊரான் முடியெல்லாம் மிதக்கும்" என்றான் கணவன் தோக்சு.

"தொப்பி போட்டா காது வலிக்குதுப்பா" என்று மகள் ஆராம் சிணுங்கினாள்.

"வலிக்கட்டும். சுத்தம்தான் முக்கியம்."

தொப்பி கட்டாயமான பூங்காவுக்கே பதிவு செய்துவிட்டு, ஜெயித்த மிதப்பில் குளிக்கப் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

போன வாரமே வாங்கி ஒளித்துவைத்த மூன்று நீச்சல் தொப்பிகளை யாங்மி அலமாரியிலிருந்து எடுத்தாள்.

"அப்பாவுக்கு இறுக்கமானதுதானே?"

"ஒரு அளவு சின்னது. கழலவே கழலாது."

"அப்ப எதுக்கும்மா சண்டை போட்டோம்?"

"நாமளே தொப்பி போடுற எடத்துக்குப் போலாம்னு சொன்னா, அவரு விக் வைக்கிற விஷயம் நமக்குத் தெரியும்னு கண்டுபிடிச்சிடுவாருடி."

ஆராம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போன வருஷம் அது மிதந்து போனப்ப நான்தான் அப்பா பக்கமாத் தள்ளிவிட்டேன். அலையே கொண்டாந்து குடுத்துச்சுன்னு இன்னும் நம்புறாரு."

தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.