நடு சீட்டில் ஒரு துண்டு

"ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டா? நான் என்ன தக்காளிக் கூடையா, லக்கேஜ் போடறதுக்கு?"

டிராவல்ஸ் ஜாவீதிடம் எகிறினார் பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர் தீர்த்தகிரி. அவருடைய எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. மண்டித் தராசில் அவரே ஏறி நின்று பார்த்தது. டெல்லியில் மகள் மணிமேகலை பட்டம் வாங்குகிறாள், விமானத்தில் போயாக வேண்டும். பக்கத்து சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் தாராளமாக உட்காரலாம் என்று அவன் நல்லதைத்தான் சொன்னான்.

"பஸ்ல எப்படிப் போறனோ அப்படியே போய்க்கறேன், போப்பா" என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மனைவி சாலம்மாள்தான் ஆதார் நகலெல்லாம் கொடுத்துவிட்டு மெதுவாக வந்தாள்.

அவர் பஸ்ஸில் போகிற லட்சணம் ஊருக்கே தெரியும். பக்கத்து சீட்டில் துண்டைப் போடுவார். யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பார். ஓசூர் வரைக்கும் அந்த ஆள் வரவே மாட்டான். அவரையும் சும்மா குறை சொல்லக்கூடாது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தவர் நெருக்கம் தாங்காமல் பாதி வழியில் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அன்றைக்குத் தீர்த்தகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தத் துண்டு.

பெங்களூரில் விமானம் ஏறியதும் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். சாலம்மாளை நடைபாதை ஓரத்தில் உட்காரச் சொல்லி, நடு சீட்டில் துண்டை விரித்தார்.

"எதுக்குங்க துண்டு? கம்முனு உக்காருங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

யாராவது அந்தப் பக்கம் வந்தாலே, கேட்பதற்கு முன்பே "ஆள் வருது" என்றார். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, நடு சீட்டு காலி. தீர்த்தகிரிக்கு ஒரே பெருமை.

அப்போது பணிப்பெண் வந்தாள். நல்லவேளை, தமிழ்ப் பெண்.

"இங்க யாரு சார்?"

"ஆள் வருதும்மா."

"கதவை மூடப்போறோம் சார். அவரு பேரு என்ன?"

அவசரத்துக்கு மண்டியில் கூடை தூக்குகிற ஆளின் பெயர்தான் வாயில் வந்தது. "மாதையன்."

அவள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். முன் வரிசை, பின் வரிசை ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொன்னதற்கு இறக்கிவிட்டுவிட்டால்? மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க முடியாமல் போய்விடுமே என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாதையன்னு யாரும் இல்லியே சார். இந்த சீட்டுக்கு வேற ஒருத்தர் பேரு இருக்கு."

ஆக, நிஜமாகவே ஓர் ஆள் வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முகம் ஞாபகம் வந்தது. துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் ஜன்னலோடு ஒடுங்கினார்.

"யாரும்மா அது?"

"தீர்த்தகிரின்னு ஒருத்தர். அவரு வந்துட்டாரா?"

சாலம்மாள் குனிந்து, நடுவிலிருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டாள்.

"வந்துட்டாருங்க. ரெண்டு சீட்டுலயும் அவருதான்."