கீழ்த் தாழ்ப்பாள்

பால்கனியில் ஈரத் துணிகளுக்கு நடுவே அம்மா நிற்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, அதைப் பிடித்தபடி அவளுடைய பதினான்கு மாதக் குழந்தை. கீழ்த் தாழ்ப்பாளை இப்போதுதான் அழுத்திப் போட்டுவிட்டுத் தனக்குத் தானே கை தட்டிக்கொள்கிறது. விரலுக்குப் பயிற்சி என்று பலகையில் பொருத்திய குட்டித் தாழ்ப்பாளை வாங்கி வந்து, "போடு, போடு! என் கெட்டிக்காரி!" என்று நேற்று முழுக்கக் கை தட்டிப் பழக்கியவள் அவள்தான். திறக்கப் பழக்கவில்லை. "மேல தூக்கு செல்லம், மேல" என்று கண்ணாடியில் விரலால் கோடு இழுக்கிறாள். குழந்தை அந்த விரலை நக்கப் பார்க்கிறது. எச்சில் வழிந்த இடத்தில் வெயில் மினுங்குகிறது. கீழ் வீட்டு அக்கா தெருவிலிருந்து அண்ணாந்து கத்துகிறாள்: "முன்கதவும் உள்ள பூட்டியிருக்கு! பூட்டுக்காரர் வந்துட்டிருக்கார், பத்து நிமிஷம். நீ அழுதா அவளும் அழுவா, சிரிச்சுக்கிட்டே நில்லு!" அம்மா சிரித்துக்கொண்டே நிற்கிறாள். கன்னம் வலிக்கிறது. உள்ளே தாழ்வான மேசையில், பாதி தேய்த்த சட்டைக்குப் பக்கத்தில், சிவப்பு விளக்கு எரிய இஸ்திரிப் பெட்டி நிற்கிறது. வயர் தரைவரை தொங்குகிறது. குழந்தை திரும்பி விளக்கைப் பார்க்கிறது. கண்ணாடியிலிருந்து கையை எடுக்கிறது. தள்ளாடுகிறது, விழவில்லை. ஒரு கால் முன்னே போகிறது. ஒரு மாதமாக எதிரே மண்டியிட்டு, பொம்மையை ஆட்டி ஆட்டி, "நடந்து வாடி தங்கம்" என்று அவள் கெஞ்சிய முதல் அடி. "உக்காரு கண்ணு, உக்காரு!" இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியில் அறைகிறாள். குழந்தை தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு அம்மா சிரித்துக்கொண்டே கை தட்டுகிறாள். வாயெல்லாம் சிரிப்பாக அடுத்த அடியை வைக்கிறது.