கட் ஆகாத ட்ரிப்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு பெருமைக் கதை சொல்கிறேன். கண்டக்டர் வெண்ணிலாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவள் மூன்றாம் முறையாகச் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டாள். இன்னொரு லீவு போட்டால் வேலை போய்விடும். வெண்ணிலா குழந்தையோடே டிப்போவுக்குப் போனாள். டியூட்டி முடித்து இறங்கிய கண்டக்டர் செல்வராணி கையை நீட்டினாள். “இங்க குடுடி. மத்தியானம் வரைக்கும் நானு, அப்புறம் ரமீஜாக்கா.”

அன்றிலிருந்து டியூட்டிப் பலகையில், பஸ் ரூட்டுகளுக்குக் கீழே ‘மகிழினி’ என்று ஒரு வரி. எதிரே, ஷிப்டு முடிந்தவர்களின் பெயர்கள்.

ஆறு மாதம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். “மகிழினியா? எந்த ஊரும்மா இது?”

“ஊரில்ல சார், எங்க பாப்பா,” என்றாள் கண்டக்டர் ரமீஜா. “இந்த டிப்போவுல ஒருநாளும் கட் ஆகாத ட்ரிப்பு அதுதான்.”

மேனேஜர் சாக்பீஸை எடுத்து, மங்கியிருந்த அந்தப் பெயரின்மேல் அழுத்தி எழுதினார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீட்டிய கைகள் குறையாதிருக்கட்டும்.