சோலைமுத்துவின் மூன்று அம்மாக்கள்

சோலைமுத்துவின் அம்மா மூன்றாவது தடவையாகச் செத்துப்போயிருந்தார்.

கடிதத்தைப் படித்த அஜிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2006 கோடையில், காலேஜ் லீவுக்குக் குவைத் வந்த இடத்தில், ஃபர்வானியா தமிழர் நலச் சங்கத்துக்கு வரும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையை அவளாகத்தான் கேட்டு வாங்கினாள். ஏன் வாங்கினோம் என்று நினைக்க வைத்தவர் இந்தச் சோலைமுத்து.

பழைய ஃபைலின்படி ஜனவரியில் அம்மா செத்தார். மார்ச்சில் மனைவிக்குப் பிரசவம். மே மாதம் மறுபடி அம்மா. இப்போது மறுபடியும். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: ‘ஊருக்குப் போகணும். கம்பெனி பாஸ்போர்ட்டைத் தர மறுக்கிறது. வாங்கிக் கொடுங்கள்.’ கடைசியில் தவறாமல் ஒரு திட்டு: ‘ஏசியில் உட்கார்ந்து தூங்கவா சங்கம் நடத்துகிறீர்கள்?’

“பாஸ்கர் அங்கிள், இந்த ஆளுக்கு என்னதான் பதில் போடறது?”

சங்கச் செயலாளர் பாஸ்கருக்கு எங்கோ ஆபீஸ் உத்தியோகம். வெள்ளிக்கிழமை மட்டும் சங்கத்துக்கு வருவார். “சரியான ஃபிராடு. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு போட்டுத் தள்ளும்மா” என்றார்.

அஜிஷா கேட்கவில்லை. ‘ஐயா, ஒருவருக்கு எத்தனை அம்மா இருக்க முடியும்?’ என்று சூடாக டைப் அடித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

“நான்தான் சோலைமுத்து. காலையில கொடுத்தனுப்பின என் கடிதாசு வந்துச்சா?”

கூடவே இன்னொருவர், அழுது வீங்கிய கண்களோடு.

“வந்துச்சு. உங்களுக்கு மொத்தம் எத்தனை அம்மா?”

சோலைமுத்து சிரிக்கவில்லை.

“எனக்கு அம்மாவும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல தாயி. இப்ப செத்தது இந்த விமலோட அம்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பாங்க. ராத்திரி ஃபிளைட்டுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. பாஸ்போர்ட்தான் மாஃபி, கைக்கு வரல.”

“அப்போ அவர் பேர்லயே எழுத வேண்டியதுதானே?”

“போன வருஷம் மணிமாறன்னு ஒருத்தன் தன் பேர்ல எழுதினான். அந்தக் கடிதாசு எப்படியோ கம்பெனிக்குப் போயிருச்சு. மறுவாரமே விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஃபிளைட் ஏத்திவிட்டுட்டாங்க. ஹெட் ஆபீஸ்ல யார் யார் இருக்காங்கன்னுகூட கேம்ப்ல எங்களுக்குத் தெரியாது, யாரைப் போய்க் கேக்குறது? அதுலேர்ந்து யாருக்கு என்னன்னாலும் என் பேர்லதான் எழுதறது. என்னை ஏத்திவிட்டா ஊர்ல பட்டினி கிடக்க ஆளில்ல பாருங்க.”

அஜிஷாவுக்குக் கூசிப்போனது. அடித்ததையெல்லாம் அழித்தாள். அந்தக் கம்பெனி மேனேஜரின் நம்பரைத் தேடிப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

“இப்போ யாருக்கும் லீவு கிடையாது” என்றது இங்கிலீஷ் குரல். “உன்கிட்ட வந்து புகார் சொன்னது யாரு? முதல்ல அந்தப் பேரைச் சொல்லு.”

சோலைமுத்து தன் பேரைச் சொல்ல முன்னால் வந்தார்.

அதற்குள் பாஸ்கர் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று அஜிஷாவுக்கு எரிச்சலாக வந்தது.

“பாஸ்கர். அந்தப் பேரை எழுதிக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அஜிஷாவுக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. இந்த மனுஷரையா இத்தனை நாள் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்தோம்.

“சூப்பர் அங்கிள். ஆனா வெறும் பாஸ்கர்னா அவருக்கு எப்படித் தெரியும்?”

பாஸ்கர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு விமலின் தோளைத் தொட்டார்.

“யல்லா, கிளம்பு. ராத்திரி நீ ஃபிளைட்ல இருக்கணும்.”

“அது என்ன சாவி சார்?” என்றார் சோலைமுத்து.

“உங்க கம்பெனி பாஸ்போர்ட் லாக்கர் சாவி. ஹெட் ஆபீஸ்ல அது என் பொறுப்பு. மணிமாறன் கடிதாசை மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்த பாவியும் நான்தான். நாளைக்கு என்னை ஏத்திவிடுவாங்க, பரவால்ல. இன்னிக்கு விமல் ஏறட்டும்.”