ஐந்தில் நாலு
பட்டறைத் தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் காலை வெயில், முட்டுக்கட்டைகள் மேல் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முதுகில் வழிகிறது. மேல்மூடி இல்லாத, இரண்டே பேர் உட்காரும் பழைய கார். சக்கரங்கள் விரிசல் விட்டதால் எட்டு வருஷமாக ஓடவில்லை. நாளைக்கு மலைச்சாலைப் பந்தயம். சொந்தக்காரியான அக்கா, பேருந்து ஓட்டுநர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பளபளவென்று புது அலாய் வீல்கள். பக்கத்தில், மெக்கானிக் அலைந்து பிடித்துவந்த பழைய கம்பி வீல்கள் ஐந்து, டயரோடு. "அலாயே போட்டுடுக்கா, கண்ணாடி மாதிரி மின்னுது," என்கிறாள் தங்கை. "மின்னும்டி. ஆனா அடுத்தவங்க செருப்பை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்." அக்கா ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். கணீர், கணீர் என்று இரண்டு வீல்கள் தேறுகின்றன. மூன்றாவதில் ஒரு கம்பி, தொண்டை கட்டியதுபோல் 'டொக்' என்கிறது. "தளர்ந்திருக்குண்ணே. இது வேணாம்." மெக்கானிக்கின் முகம் சுருங்குகிறது. இன்னொன்று போனால் கதை முடிந்தது. நாலாவது தேறுகிறது. ஐந்தாவதற்கு மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிகின்றன. கடைசிக் கம்பியும் கணீரென்கிறது. "நாலு சேர்ந்துடுச்சுக்கா!" தங்கையின் கூச்சலில் கூரைப் புறாக்கள் படபடக்கின்றன. மெக்கானிக் சக்கரங்களை மாட்டி, நடுவிலுள்ள காது வைத்த பெரிய நட்டுகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, ஜாக்கியால் காரைத் தூக்கி முட்டுக்கட்டைகளை உருவிவிட்டு, மெல்ல இறக்குகிறார். டயர்கள் தரையைத் தொட, கார் மெல்ல அமுங்கி எழுகிறது. "ஏறுடி," என்கிறாள் அக்கா. கதவைத் திறக்கக்கூடப் பொறுமையில்லாமல் தங்கை தாண்டிக் குதிக்கிறாள்.