நாலாவது பாட்டில்

"மூணு தடவை போயிருக்கே! ஒரு பாட்டில் தண்ணி ஒழுங்கா மொண்டுட்டு வரத் தெரியாதா உனக்கு?"

பேராசிரியர் கத்திய கத்தலில் மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஆய்வு மாணவி அதைத் துடைத்தாள். துடைத்த துணியை முறுக்கினாள். அவர் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மலை உச்சியில் ஒரு வெந்நீர் ஊற்று. அந்தச் சூட்டிலும் சாகாத கிருமி ஒன்றை அங்கே கண்டுபிடித்து, அதற்குத் தன் பெயரையே வைத்து, விருதும் வாங்கியவர் அவர். அந்தக் கிருமியின் மரபணுவில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னும் ப்ரோப் ஒன்றை அவள் செய்திருந்தாள். மூன்று முறை ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்று முறையும் கும்மிருட்டு.

"ப்ரோப் சரியாத்தான் இருக்கு சார். உங்க பழைய சாம்பிள்ல பளிச்சுனு மின்னுது. ஊத்துத் தண்ணியிலதான்..."

"அப்ப நான் பொய் சொல்றேனா? அட்டை கடிச்சு, கால் வழுக்கி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறினவன்மா நான்! நீ பாதி வழியில எந்தக் குட்டையில மொண்டியோ! இன்னைக்கும் மின்னலேன்னா உன் தீசிஸ் குப்பைக்கு. அஞ்சு வருஷமும் போச்சுன்னு வெச்சுக்கோ."

அவள் காலையிலேயே ப்ரோப் ஏற்றி வைத்திருந்த நாலாவது பாட்டில் சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

அவர் குனிந்தார். உள்ளே பச்சைப் பச்சையாக ஒரு வாணவேடிக்கை.

"வந்துட்டான்யா என் பேர்க்காரன்!" ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "சோம்பேறித்தனத்தை விட்டுட்டு சரியான இடத்துல மொண்டா மின்னுதில்ல? இந்தப் புத்தி முதல்லயே எங்க போச்சு?"

"தப்புதான் சார். 'என் கிருமி கிடைச்ச அதே இடத்துத் தண்ணிதான் இது'ன்னு இந்த நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டார். தேதியும் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் பத்திரமாக வைத்து, ஜிப்பையும் இழுத்த பிறகு சொன்னாள்.

"இந்தத் தடவை நான் மலையே ஏறல சார். இது அடிவாரத்து லாட்ஜ்ல, அன்னைக்கு சாம்பிள் எடுக்கப் போனப்ப மழைன்னு மூணு நாளும் நீங்க இழுத்துப் போர்த்திக்கிட்டுக் கிடந்தீங்களே, அந்த ஏழாம் நம்பர் ரூம் பாத்ரூம் ஹீட்டர் தண்ணி."