குச்சி வச்ச கை

"கட்டுன புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, வயித்துல இருந்ததைக் கலைச்சிருக்கா. அவளை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க மச்சான்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் வீரணன் இப்படிக் கேட்டது மொக்கையனிடம். உள்ளே கிடப்பது அவருடைய தங்கச்சி பொன்னுமணி. நிற்காத உதிரமும் கொதிக்கிற காய்ச்சலுமாக, சொந்த ஊர் சிலமலையிலிருந்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தவரே அவர்தான்.

வீரணனுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சோலி. சேதி கேட்டு, போடிமெட்டில் லோடு ஜீப்பைப் பிடித்து இப்போதுதான் இறங்கி வந்திருந்தான்.

"குச்சி வச்சுக் கலைச்சுவிட்டவ யாருன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கையை வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போறேன்."

"நீயா மாப்ளே?"

அத்தனை ஆத்திரத்திலும் வீரணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊசியைக் கண்டாலே ஊரைவிட்டு ஓடுகிற ஆள் அவன். எமர்ஜென்சி வந்ததிலிருந்து, ஆம்பளைகளைப் பிடித்துப்போய் ஆபரேசன் பண்ணுகிற குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்பு சிலமலைப் பக்கம் தலைகாட்டினால் போதும், அன்றைக்கே மலையேறிவிடுவான். அங்கேயும் ஒருநாள் ஜீப்புச் சத்தம் கேட்டு, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே பொழுது சாயும்வரை மூச்சுக்காட்டாமல் பதுங்கிக் கிடந்தான். வந்தது காய் எடுக்க வந்த வியாபாரியின் ஜீப்பு.

"அப்பன் ஆத்தா நல்லாத்தான் வீரணன்னு வச்சாக. வீரம் பேரோட நின்னுபோச்சு, நான் என்ன பண்ண?" என்று டீக்கடையில் அவனே சொல்லிக் கடையைச் சிரிக்க வைப்பான்.

'நாலு பிள்ளை போதுங்க, ஆபரேசன் பண்ணிக்கிடுங்க' என்று பொன்னுமணி கெஞ்சியபோதும் இப்படித்தான் எதையோ சொல்லிச் சிரித்து மழுப்பினான்.

டாக்டரம்மா வெளியே வந்தார்.

"உசுரு தப்பிச்சிருச்சு. இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கா. கர்ப்பப்பை சீழ் பிடிச்சுப்போச்சு, நேத்தே எடுத்துட்டோம். போன மாசம் இதே மாதிரி எருக்கங்குச்சி வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வந்தா. அவளைக் காப்பாத்த முடியலை."

அவர் வீரணன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, கலைக்கணும்னா இங்கேயே வந்திருக்கலாமே? இப்பச் சட்டமே இடம் கொடுக்குது. காலையில வந்தா சாயங்காலம் நல்லபடியா வீட்டுக்குப் போயிருப்பா."

"அவளுக்கு அதெல்லாம் எங்க டாக்டரம்மா தெரியும்? கைநாட்டு. கூறுகெட்டவ."

சொன்ன கையோடு உள்ளே போனான். வெளுத்துப்போய்க் கிடந்தவளைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா, பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்? இங்கேயே சுத்தமாப் பண்றாங்களாம். அது தெரியாமப் போயி இப்படி ஆகிப்போச்சே."

"தெரியும்," என்றாள் பொன்னுமணி, சத்தமே வராமல். "நர்சம்மா வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போச்சு."

வீரணன் அவள் பக்கமாகக் குனிந்தான்.

"தெரிஞ்சுமா அந்தப் பாவிகிட்டப் போன? ஏன்டி?"

அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வந்தா, புருசன் எங்கன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உங்களைப் பிடிச்சு ஆபரேசன் பண்ணிட்டா, நீங்க பயத்துலயே செத்துருவீங்களேன்னுதான்..."